வரிசையில் மூன்றாவது வண்டி

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து வெளியே வந்து, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தபோது என் வண்டி சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன். இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் பலகையை ஒட்டி, பனிவண்டியின் நீளத்துக்கு ஒரு அலுமினியத் தகடு ஓடும். எஞ்சினைச் சுற்றிய தண்ணீர் அதற்குள் போய்த்தான் ஆறித் திரும்பும். எஞ்சின் தயாராகும்வரை தண்ணீர் அங்கே வராது, தகடும் ஏரியைப் போலவே உறைந்து கிடக்கும். தயாரானதும் சட்டென்று வெதுவெதுப்பு ஏறும். அதுவரை காத்திருக்க வேண்டும். அன்று என் தகடு, யாரோ அப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி இருந்தது.

நான் சூடாக்கவில்லை. எனக்காகச் சூடாக்க ஆளும் இல்லை.

உறைந்த ஏரிமேல் பனிவண்டிப் பந்தயம் நடத்தும் எங்கள் கிளப்பில், ஞாயிறு காலை எட்டரை மணிக் கூட்டத்துக்குப் பந்தயம் ஓட்டுகிற எல்லோரும் கொட்டகைக்குள் இருந்தாக வேண்டும். பந்தயத்தை நடத்துகிற பக்கி பெயர் கூப்பிடுவான். இல்லாதவர் அன்றைக்கு ஓட்ட முடியாது. அவன் கொடி விதிகளையும், பனி எங்கே மெலிந்திருக்கிறது என்பதையும், போன வாரம் யார் யாரை இடித்தார்கள் என்பதையும் அரை மணி நேரம் பேசுவான். அந்த அரை மணி நேரத்தில்தான் வெளியே வண்டிகளைச் சூடாக்குவார்கள். புருஷன், அண்ணன், காதலன், யாராவது ஒருவர். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கியில் ஏற்றி, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்டி, முதலில் இருமுகிற எஞ்சினை மெல்ல மெல்லச் சமாதானப்படுத்திக்கொண்டு நிற்பார்கள். நீலப் புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். உள்ளே இருக்கிற பெண்கள் சத்தத்தை வைத்தே தங்கள் வண்டி எது என்று தெரிந்துகொண்ட மாதிரி தலையசைப்பார்கள். உண்மையில் தெரியாது. எங்கள் பிரிவில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே வண்டி. ஒரே கறுப்பு நிறம், ஊரில் இருக்கிற ஒரே கடையில் வாங்கியது. அந்தப் பிரிவின் விதியே அதுதான். கிளப் கொடுத்த நீல உறையும் ஒரே மாதிரி. எண் எங்கள் முதுகில்தான் இருக்கும், வண்டியில் இருக்காது.

நவம்பர்வரை என் வண்டியை டெல்மர் சூடாக்கினான். இருபத்தோரு வருஷம். எதற்கு என்று ஒருநாளும் விளக்கியதில்லை, நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சீக்கிரம் சூடாகிப் பருத்துவிடும். அதைச் சுற்றியிருக்கும் சிலிண்டர் மெதுவாகத்தான் சூடாகும். நடுவே மயிரிழை இடைவெளி. அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அத்தோடு எஞ்சின் போச்சு. டெல்மர் அவசரப்பட்டதே இல்லை. கை மரத்துப்போய்ச் சூடு தெரியாத நாளில் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தகட்டில் வைப்பான். குளிரில் உள்ளங்கை பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது என்பது அவன் நினைப்பு.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது டெல்மர் பையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். "தெரியல, மார்லிஸ்," என்றான். எது தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. ஏரியின் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணனுக்கு ஒரு மரவீடு உண்டு. அங்கே போய்விட்டான். சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். திரும்பி வருவானா மாட்டானா என்பதை மட்டும் மூன்று மாதமாக எடுத்தும் வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்தச் சூடு என்னைக் குழப்பியது. எங்கள் ஊரில் ஒருவர் வண்டியை இன்னொருவர் கேட்காமல் தொட மாட்டார்கள். டயர் பஞ்சர் என்றால் முன்பின் தெரியாதவன்கூட நிறுத்தி உதவுவான். ஆனால் எஞ்சினைச் சூடாக்குவது வேறு. அது வீட்டு ஆள் செய்வது.

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தலைக்கவசம், முகமூடி, பருத்த உடுப்பு. எல்லோரும் டெல்மராகவும் இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். பக்கத்து வண்டியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஜனெல் டெர்வோவிடம், "என் வண்டிகிட்ட யாராச்சும் நின்னாங்களா, பாத்தியா?" என்று கேட்டேன்.

"நானும் ஒங்கூடத்தான உள்ள உக்காந்திருந்தேன்? எனக்கென்ன முதுகுலயா கண்ணு?" என்றாள். அவள் வண்டி கிளம்பாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் சூடாக்க ஆள் இல்லை. புருஷன் ரோரி இருக்கிறான், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. ரோரி மண்ணில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், குன்றிலும் சேற்றிலும் பறக்கிறவன். அக்டோபரில் அவன் வேலைக்குப் போயிருந்தபோது ஜனெல் அவனுடைய மோட்டார் சைக்கிளை விற்று இந்தப் பனிவண்டியை வாங்கிவிட்டாள். "வருஷத்துல ஆறு மாசம் பனி. அந்தச் சைக்கிள வச்சுக்கிட்டு என்ன, அடுப்புக்கு முன்னால உக்காத்தி வைக்கவா?" என்று எல்லோரிடமும் சொன்னாள். ரோரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளிடமும் சொல்லவில்லை.

அன்று நான் மூன்றாவதாக வந்தேன். முதல் வாரமும் மூன்றாவதுதான். சூடான எஞ்சினோடும் மூன்றாவது. ஆனால் ஓட்டும்போது கைப்பிடியின் அதிர்வு வழியாக யாரோ என்னிடம் எதையோ சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. என்ன சொல்கிறான் என்றுதான் பிடிபடவில்லை.

சூடாக்குவது டெல்மர்தானா என்று பார்க்க, மூன்றாவது ஞாயிறு ஒரு சோதனை செய்தேன்.

சனிக்கிழமை பாஸ்டி சுட்டேன். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மாவில் மடித்த பெரிய பாஸ்டி. எங்கள் பக்கம் எல்லோரும் அதில் டர்னிப் கிழங்கு போடுவார்கள். போடாவிட்டால் அது பாஸ்டியே இல்லை என்பார்கள். டெல்மருக்கு டர்னிப் ஆகாது. அவனுக்காக இருபத்தோரு வருஷமாகக் கேரட் போடுகிறேன். என் அம்மா கண்ணை மூடும்வரை அதை மன்னிக்கவே இல்லை. காலையில் கூட்டத்துக்குப் போகும்முன் வண்டியின் முன்மூடியைத் திறந்து, அலுமினியத் தாளில் சுற்றிய பாஸ்டியைப் புகைக்குழாயின் வளைவில் வைத்தேன். சூடாக்குகிற ஆளுக்கு இப்படிச் சாப்பாடு வைப்பது எங்கள் வழக்கம். எஞ்சின் சூடாகும்போது பாஸ்டியும் சூடாகும். வாசனை வரும்போது எஞ்சின் தயார் என்று சோம்பேறிகள் சொல்வார்கள்.

கொட்டகைக்குள் ஜனெலின் பக்கத்தில் இடம் இருந்தது. நான் உட்காரப் போனேன். தன் காப்பிக் குடுவையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"ஆள் வருதா?" என்றேன்.

"ஆள் வந்தா உக்காரலாம், போனா எந்திரிக்கலாம். இப்பல்லாம் யார் எடத்துல யார் உக்காருறாங்கன்னு யார் கேக்குறா?"

மற்றப் பெண்கள் தங்கள் காலணிகளையே பார்த்தார்கள். பக்கி தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மணிகளா, கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்க. மஞ்சக் கொடி காட்டுனா மெதுவாப் போகணும். போன வாரம் நான் காட்டுன மஞ்சக் கொடிக்கு ஒருத்தங்க எனக்குக் கை ஆட்டிட்டுப் போனாங்க. பேரு சொல்ல மாட்டேன். ஜனெல்."

எல்லோரும் சிரித்தார்கள், ஜனெல் சிரிக்கவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். நான் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் அலசிப் பார்ப்பது என் பழக்கம். எதுவும் அகப்படவில்லை.

வெளியே வந்தால் தகடு சூடாக இருந்தது. முன்மூடியைத் திறந்தேன். பாஸ்டி இல்லை. அலுமினியத் தாள் மட்டும் நான்காக மடிக்கப்பட்டு, கைப்பிடிக் கம்பியின் இடுக்கில் செருகியிருந்தது.

அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்மர் தாளை மடிக்கிறவன் இல்லை. கசக்கி உருண்டையாக்கிக் குப்பைக் கூடையில் எறிவான், பாதி நேரம் வெளியே விழும். மூன்று மாதத்தில் ஒருவனுக்கு மடிக்கத் தெரிந்துவிடுமா? அண்ணன் வீட்டில் பழகியிருப்பானோ? அல்லது, எனக்கு ஒன்று சொல்வதற்காக மடித்தானோ? நான்காக மடித்தால் என்ன அர்த்தம்? இரண்டு நாள் அந்தத் தாள் மேசையிலேயே இருந்தது. பேருந்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டுப் போய் மறுபடி திரும்பி வந்தேன்.

புதன்கிழமை மாலை மரவீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஹலோ."

"நான்தான்."

"ம்."

எங்கள் இருவருக்கும் போனில் பேசாமல் இருப்பது புதிதல்ல. அவன் பக்கம் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றேன்.

"எதுக்கு?"

"வண்டிக்கு. ரெண்டு வாரமா சூடாக்கி வைக்கிறதுக்கு."

விறகு இன்னொரு முறை வெடித்தது.  

"அது நான் இல்ல, மார்லிஸ்."

"வெளையாடாத."

"நான் எப்ப வெளையாடிருக்கேன்? நான் இல்ல. ஆனா யாருன்னு எனக்குத் தெரியும். இந்த வளைகுடா முழுக்கத் தெரியும். ஒனக்குத் தெரியாதுங்கிற பாரு, அதுதான் எனக்குப் புரியல."

"யாரு?"

"ரோரி டெர்வோ."

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சிரிக்கிற," என்றான்.

"ஜனெல் புருஷனா? அவன் எதுக்கு என் வண்டிய..."

"அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க."

ஜனெலின் காப்பிக் குடுவை எனக்கு நினைவு வந்தது. மற்றப் பெண்கள் காலணியைப் பார்த்தது நினைவு வந்தது. உடம்பெல்லாம் சுட்டது. "டெல்மர், நான் அவங்கிட்ட இந்த வருஷம் பத்து வார்த்த பேசிருப்பனா? கடைல வழிவிடுன்னு சொன்னது உட்பட."

"ம்."

"நம்பலியா?"

"நம்புறது வேற. அந்த ரெண்டாவது வாரம் நான் வந்தேன்." குரலைத் தாழ்த்திப் பேசினான். "நீ மூணாவதா வந்தேன்னு அண்ணன் சொன்னான். அப்ப ஒன் வண்டி மூணாவதா நிக்கும்னு தெரியும். லாரிய கரைல விட்டுட்டு ஐஸ் மேல பாதி தூரம் நடந்துட்டேன். ஒன் வண்டிகிட்ட ஒருத்தன் முட்டி போட்டு உக்காந்து தகட்டுல கை வச்சிருந்தான். ரோரியோட அந்த ஆரஞ்சுத் தொப்பி. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாரும் அதப் போட மாட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. திரும்பிட்டேன்."

வைத்துவிட்டான். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் வந்திருக்கிறான். ஏரிமேல் பாதி தூரம் வந்திருக்கிறான். எனக்கு ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் கோபமும் வந்தன. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ரோரி என்ன நினைத்துக்கொண்டு இதைச் செய்கிறான்? நான் எங்காவது, எதையாவது, எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேனா? கடையில் வழிவிடச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்தது?

நான்காவது ஞாயிறு கடைசிப் பந்தயம். எட்டரைக்கு மணி அடித்தபோது எல்லோரும் கொட்டகைக்குள் போனார்கள். நான் போகவில்லை. என் வண்டியின் முன்பக்கத்துக்கு மறைவில் பெட்ரோல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். உள்ளே பக்கி என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டது கேட்டது. இரண்டு முறைக்குப் பிறகு அடுத்த பெயர். அவ்வளவுதான், அந்த வருஷம் எனக்கு முடிந்தது.

ஆரஞ்சுத் தொப்பி கரையிலிருந்து இறங்கி வந்தது. வரிசையின் தொடக்கத்திலிருந்து விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தது. என்னைப் பார்க்கவில்லை. உறையை முன்பக்கம் அப்படியே விட்டுப் பின்பக்கத்தை மட்டும் மடித்து, தாங்கியில் ஏற்றி, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்டியது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ரோரி முட்டி போட்டுக் கையுறையைக் கழற்றினான். கை வைத்தான். அவன் சூடாக்குகிற விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"ரோரி."

அவன் பனியில் பின்னால் விழுந்தான். "யம்மா! உயிரே போச்சு! நீ இங்க என்ன பண்ற? கூட்டத்துக்குப் போகலியா?"

"நீ இங்க என்ன பண்ற?"

"பாத்தா தெரியல? சூடாக்குறேன்." சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்ந்தான். "மார்லிஸ், நீ நல்லவ. ஜனெல்கிட்ட மட்டும் சொல்லிடாத."

 அப்படியென்றால் எல்லோரும் சொல்வது உண்மையா? "எதை சொல்லக் கூடாது?"

"நாந்தான் செய்றேன்னு. அவகூட நான் இன்னும் பேசல. சைக்கிள வித்தா பாரு, அத நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். அவளுக்காகச் செய்றேன்னு நெனச்சுக்குவா. எஞ்சினுக்காகத்தான் செய்றேன். மொத வாரம் ரோட்டுல நின்னு பாத்தேன். வெளிய வந்தா, கயித்த இழுத்தா, ரெண்டு நிமிஷம்கூட விடல, முழுசா முறுக்கிட்டா. பச்சப் புள்ளயத் தூக்கத்துலேந்து எழுப்பி ஓடச் சொன்ன மாதிரி. எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மொத்தமாகப் புரியவில்லை.

"ரோரி, இது யாரோட வண்டி?"

"ஜனெலோடது."

"யார் சொன்னா?"

"நானே பாத்தேனே. மொத வாரம் மூணாவது வண்டிலதான ஏறுனா?"

"மொத வாரம் பேரு குடுத்த வரிசை. அதுக்கப்பறம் ஜெயிச்ச வரிசை. போன வாரம் யார் மூணாவதா வந்தாங்களோ அவங்க வண்டிதான் மூணாவதா நிக்கும். ஒவ்வொரு வாரமும் மாறும். அது ஒனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கு மண்ணுல வருஷத்துக்கு ஒரு தடவ சீட்டுப் போட்டு எடுப்பாங்க, அப்புறம் மாறாது," என்றான். குரல் இறங்கிவிட்டது. "அப்ப மூணாவது யாரு?"

"நான். எல்லா வாரமும் நான்."

அவன் பனியிலேயே உட்கார்ந்திருந்தான். எஞ்சின் எங்கள் இருவருக்கும் நடுவே தடதடத்துக்கொண்டிருந்தது. நான் மாறி மாறி முதலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு விடாமல் செய்ததில்லை.

"அப்ப அந்தப் பாஸ்டி?" என்றான்.

"நான் வச்சது."

"டர்னிப்பே இல்ல."

"இல்ல. கேரட்."

"அதான பாத்தேன். அவ வீட்டுல டர்னிப் இல்லாமச் செய்யவே மாட்டா. சரி, இன்னும் பாதிக் கோவத்துல இருக்கா போல, அதான் டர்னிப்ப மட்டும் எடுத்துட்டான்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தான். "தாள மடிச்சு வச்சேன். அவளுக்குத் தாள மடிச்சு வச்சாப் பிடிக்கும்."

திடீரென்று எழுந்தான். "ஜனெல் வண்டி எது?"

"ரெண்டாவது."

அதன் உறைமேல் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. ரோரி தலையில் கை வைத்தான். "அப்ப இத்தன வாரமும் பச்சையாவே ஓட்டிருக்காளா!" என்று ஓடினான். கயிற்றை இழுத்தான், இழுத்தான், தொப்பி கழன்று விழ இழுத்தான்.

அப்போது கொட்டகைக் கதவு திறந்து பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் ஜனெல். தன் வண்டி முன்னால் முட்டி போட்டிருக்கிற புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"என்ன, அங்க வேல முடிஞ்சிருச்சா? இங்க வந்துட்ட?"

"தப்பு நடந்துபோச்சு," என்றான் ரோரி.

"பாத்தீங்களாடி! நாலு மாசம் கழிச்சு வாயத் தொறந்து மொத வார்த்த!"

"வண்டி தப்பு, ஜனெல். ஒன் வண்டின்னு நெனச்சு அவ வண்டிய... மூணுன்னு எண்ணி..."

அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. முகம் பல மாதிரி மாறியது. எங்கே நிற்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "கட்டுன பொண்டாட்டி வண்டிய எண்ணித்தான் கண்டுபிடிக்கணுமா ஒனக்கு?" என்று கத்தினாள். ஆனால் கத்திக்கொண்டே குனிந்து, விழுந்த தொப்பியை எடுத்து, பனியைத் தட்டி, அவன் தலையில் அழுத்தி வைத்தாள். "சும்மா நிக்கிற. இழு. எனக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

பக்கி என்னிடம் வந்தான். "மார்லிஸ், ஒம் பேர ரெண்டு தடவ கூப்டேன்."

"கேட்டுச்சு."

"விதி விதிதான். நாந்தான் எழுதுனேன், நானே எப்படி மீறுவேன்?"

"பரவால்ல, பக்கி."

 ஜனெல் போகிற போக்கில் தன் காப்பிக் குடுவையை என் இருக்கைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஒரு வாய் குடித்தேன்.

என் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரோரி பாதி சூடாக்கியிருந்தான். மீதியை நானே சூடாக்கினேன். பந்தயம் தொடங்கி, முதல் சுற்றில் ஜனெல் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே மெல்ல முறுக்கி விட்டுக்கொண்டு நின்றேன். அன்றும் ஒரு பாஸ்டி வைத்திருந்தேன், ரோரியைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்த நாளிலும் எதற்காக வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசனை வந்தது. தகட்டில் சூடு வந்தது. வளைகுடாவுக்குக் குறுக்கே கிளம்பினேன்.

நான்கு மைல் வெற்று ஐஸ். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். நடந்தது நடந்தபடி சொன்னால் அது ஒரு வேடிக்கைக் கதை, கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதன் நடுவில் ஒரு ஆள் பாதி தூரம் நடந்து வந்து திரும்பிப் போயிருக்கிறான். அவன் மீதி தூரமும் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? வண்டியைச் சூடாக்கிவிட்டு மட்டும் போயிருப்பானா? அதைக் கேட்கலாமா? ஒரு கேள்வியும் முழுசாக உருவாகவில்லை. கரை வந்துவிட்டது.

டெல்மர் சத்தம் கேட்டு வெளியே வந்து படியில் நின்றான். தாடி விட்டிருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரேஸ்?"

"ஓட்டல."

நான் எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியதும் வந்த அமைதி மிகப் பெரியதாக இருந்தது. அவன் இறங்கி வந்து, என்னைப் பார்ப்பதற்கு முன்னால், பழக்கத்தில் தகட்டைத் தொட்டான்.

"சூடாத்தான் ஓட்டிட்டு வந்திருக்க."

"பாதி ரோரி. பாதி நான்."

அவன் கை நின்றது. நான் சொன்னேன். வரிசை, விரல் நீட்டி எண்ணியது, டர்னிப், மடித்த தாள் எல்லாம். சொல்லி முடித்ததும் அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாராவாரம் வரிசை மாறும்னு தெரியாதா அவனுக்கு?"

"மண்ணுல ஓட்டுறவனுக்குப் பனில என்ன தெரியும்?"

அவன் மூக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

உள்ளே போனோம். பாஸ்டியை இரண்டாக உடைத்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசையின் கீழே கசக்கிய காகித உருண்டைகள் கிடந்தன, கூடைக்கு வெளியே. அதைப் பார்க்கும்போது மனசுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

"கேரட்," என்றான்.

"ஆமா."

கடைசித் துண்டையும் சாப்பிட்டுவிட்டு, "அவனுக்கும் கேரட்தான் வச்சியா?" என்றான்.

"ஒனக்குத்தான் வச்சேன். அவன் தின்னுட்டான்."

அப்படியே அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும், இரண்டும் இருக்கலாம். அவன் விறகு போட்டான். நான் ஜன்னல் வழியாக, ஐஸ் மேல் நான் வந்த ஒற்றைத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அதை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. வருவாயா என்று நான் கேட்கவில்லை. இரு என்று அவன் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் தெரியல என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் ஒன்று இருந்தது. பதில் இல்லாமல் இருப்பது அந்தப் பதிலைவிட நல்லது என்று நினைத்தேன். நல்லதா என்றும் தெரியவில்லை.

"காத்து ஏறுது," என்று கடைசியில் நான்தான் சொன்னேன். "கெளம்பணும்."

"ம்."

எழுந்தான். கோட்டு போடாமல், கையுறை போடாமல் வெளியே போனான். நான் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வண்டி முழுக்க ஆறிவிட்டிருந்தது. அவன் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு விறகுக் கட்டைமேல் வைத்தான், சோக்கை இழுத்தான், இரண்டாவது இழுப்பில் கிளப்பினான். முட்டி போட்டு உட்கார்ந்து தகட்டில் கை வைத்தான்.

நான் நின்று பார்த்தேன். மூன்று மாதமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதுதான், டெல்மர் என் வண்டியைச் சூடாக்குவது. இப்போது அது நடந்துகொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் உன் வண்டியைச் சூடாக்கினால் உன்மேல் அக்கறை என்று அர்த்தமா, உன்னை அனுப்பி வைக்கிறான் என்று அர்த்தமா? இருபத்தோரு வருஷம் அவன் சூடாக்கியபோதெல்லாம் நான் எங்கோ கிளம்பிப் போயிருக்கிறேன். அவன் அங்கேயே நின்றிருக்கிறான். இதை நான் முன்பு யோசித்ததே இல்லை.

நீலப் புகை எங்கள் இருவரையும் சுற்றி வந்தது. எஞ்சின் இருமுவதை நிறுத்தி ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவன் சோக்கை உள்ளே தள்ளினான். கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அவன் விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்துவிட்டன. அவன் அசையவில்லை.

நான் அவன் பக்கத்தில் முட்டி போட்டு என் உள்ளங்கையையும் வைத்தேன். மரத்துப்போயிருந்தது, எதுவும் தெரியவில்லை. சட்டைக் கையை மடித்து மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்தேன். தகடு சுட்டது. சந்தேகமே இல்லை. எப்போதோ சூடாகிவிட்டிருக்க வேண்டும்.

டெல்மர் என் மணிக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஆகல," என்றான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"ஆமா," என்றேன். "இன்னும் ஆகல."